செல்வி வேண்டாம் என்ற நண்டு

சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் மீன் தீனி வாங்கப் போன கடையில், ஒரு கம்பிக் கூண்டிலிருந்து பெயின்ட் வாசனை வந்தது. உள்ளே, சாயம் பூசிய சங்குகளைச் சுமந்தபடி, சங்குக்குள் குடியிருக்கும் வகை நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த வாசனை என்னை ஒரகடத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று என் தங்கை செல்விக்கு எட்டாவது பிறந்தநாள். ஷிப்ட் முடிந்து ஆயில் வாசனையோடு வந்த அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பெயின்ட் வாசனை போகாத மஞ்சள் சங்கோடு ஒரு நண்டு. செல்வி அதற்குத் தினமும் தேங்காய்த் துருவல் வைத்தாள். அது தின்னாமல் டப்பாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் சங்கைவிட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது.

"அழாதம்மா, வேற வாங்கலாம்" என்று அப்பா எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார். செல்வி கடைக்காரரிடம், "இது எங்க பொறந்துச்சு?" என்று கேட்டாள்.

"கடல்லதான் பாப்பா. கடையில வச்சா குட்டி போடாது. எல்லாம் புடிச்சிகினு வர்றதுதான்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "வேணாம்பா. நாம வாங்கினா இன்னொண்ண புடிச்சிகினு வருவாங்க."

அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் கம்பெனி பஸ் முழுக்க இதே பேச்சுதானாம். "எனுக்குத் தோணாதது எங்க வூட்டு சின்னதுக்குத் தோணிச்சு" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு எடுத்துக்கிறீங்களா சார்?" என்று மீன் தீனியைக் கட்டிக் கொடுத்தபடி இந்தக் கடைக்காரர் கேட்டார்.

"வேணாங்க, எங்க வூட்ல இத வாங்கறதில்ல" என்றேன். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளுக்கு அப்போது எட்டு வயது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.