அரை டம்ளர் வெந்நீர்

கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று உடன் இருந்தவர்கள் நானும் பெரியம்மாவும்தான். அப்பா வரவில்லை, கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் விட்டிருந்தார். அக்காவும் வரவில்லை, அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. இப்படி ஆபரேஷன் ஆனவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று மாமியார் வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்போது, எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் காலேஜ் முதல் வருஷம். அதனால் லேடி டாக்டர் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முதலாவதைப் பெரியம்மா ஒத்துக்கொண்டாள்.

"தண்ணியா? இன்னாடா பேசற? பச்ச ஒடம்புடா இது. தையல்ல சீழ் புடிச்சிக்கும்."

"டாக்டர் சொன்னாங்க பெரிம்மா."

"அவங்க எத்தினி பெத்தாங்க? கல்யாணமே ஆவலயாம், நர்சு சொல்லுச்சு. ஆறு பிரசவம் பாத்து எழுப்பி உட்டவ நான். நீ போய் பரீட்சைக்குப் படி, போ."

பிள்ளை பெற்றவளுக்குக் காக்கும் பத்தியத்தையே கர்ப்பப்பை போனவளுக்கும் காத்தார்கள். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர். சித்திரை மாதம் வேறு. அம்மா உதட்டை நாக்கால் தடவியபடியே படுத்துக் கிடந்தாள்.

நான்காம் நாள், பெரியம்மா துணி அலசக் கிணற்றடிக்குப் போயிருந்தபோது, அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுடா. அவளுக்குத் தெரிய வாணாம்."

பானை எட்டடி தூரத்தில் இருந்தது. நான் துணியை நனைத்து வந்து உதட்டைத் துடைத்தேன். அவள் துணியை உறிஞ்சினாள். பிடுங்கிக்கொண்டேன். சிறுநீரகத்தை வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனாலும் தையல் சீழ் பிடித்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் கொடுத்த தண்ணீரால்தான் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன்.

நீர் பிரியும்போது எரிகிறது என்று மகனிடம் எப்படிச் சொல்வாள்? பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உடம்புச் சூடு என்று பெரியம்மா அம்மாவின் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறாள். ஏழாம் நாள் குளிர்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. மலம் இறுகி, முக்கி முக்கித் தையலும் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. மூட்டை ஏற்ற வந்த வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் பாட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "படிச்ச பையன்னுதானேப்பா உன்கிட்ட சொன்னேன்?"

பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அம்மா பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தாள். உயிர் தங்கியது. ஆனால் அதன் பிறகு அம்மா குந்தி உட்கார்ந்து களை எடுக்கவே இல்லை. இருமினால் புடவை நனைந்துவிடும். பஸ் ஏறக் கூசினாள், கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள். அக்கா குழந்தையை நீட்டினால், "வாணான்டி, எம்மேல நாத்தம் அடிக்குது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

கறவைப் பசுவை விற்றும் போதாமல், அம்மாவின் கம்மலையும் விற்று, அந்த இரண்டாம் தடவைக்கு ஆஸ்பத்திரியில் கட்டியது ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.