மகள் பெயரில் ஒரு காப்பித் தோட்டம்

பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தைக் கணவர் சாகும் முன்பே எங்கள் சின்ன மகள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். காரியம் முடிந்ததுமே அதை விற்கச் சொல்லிக் கொழுந்தன் என் உயிரை வாங்கினார். மைனர் சொத்து, கோர்ட்டு அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்றேன். அவரே வெரசாக ஒரு வக்கீலைப் பிடித்து, காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் ஏத்திவிட்ட மிளகுக்கொடியெல்லாம் பட்டுப்போச்சு, விளைச்சலே இல்லை என்று என் பெயரில் மனு எழுதவைத்தார். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "வித்தா பிள்ளைக்கு நல்லதாம்மா?"

"இல்லீங்கய்யா. கொடியெல்லாம் மரத்து உச்சிவரைக்கும் காய்ச்சுக் கெடக்கு."

"அப்புறம் எதுக்கு மனுப் போட்டீங்க?"

கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"நான் வேணாம்னா இவங்க கேக்க மாட்டாங்க. நீங்க வேணாம்னா கேட்டுத்தானே ஆகணும்."