சார்லியின் வலது காது

ஆரணிப் பக்கத்துச் சேவூரில் சார்லியின் வீட்டுக்குப் போக யாரிடமும் வழி கேட்க வேண்டாம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். முன்னறையில் நாலு விசைத்தறி, பின்னால் சமையல்கட்டு, நடுவில் ஒரு அரைச்சுவர். காலையில் சுவிட்சைப் போட்டால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் தறி நிற்கும். அந்த வீட்டில் பேச்சு என்பது வாயும் விரலும்தான், காதுக்கு அதில் வேலையே இல்லை. அம்மா சாரா உதட்டை அசைத்து இரண்டு விரலைக் காட்டினால் டீ இரண்டு டம்ளர் என்று அர்த்தம். புரிந்ததோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் தலையாட்டி "சரி" என்றுவிட வேண்டும். பாதி வேலை அதில் தானாக நடந்துவிடும், மீதிப் பாதிக்குப் பிறகு திட்டு வாங்கிக்கொள்ளலாம். தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே இந்தச் "சரி"யும் பழகிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்காமல் போனால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியவில்லை. சார்லிக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒன்பதாவது படிக்கும்போது சர்ச்சில் காது மூக்கு தொண்டை முகாம் போட்டார்கள். பிஸ்கட் தருகிறார்கள் என்று போனவனை டாக்டரம்மா உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, இடது காது போனது போனதுதான், வலது காதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, இனிமேல் இவனைத் தறிச் சத்தத்தில் நிற்கவைக்காதீர்கள் என்று சாராவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். சாரா அன்றைக்கு ராத்திரி தறி நின்ற பிறகு கணவர் அற்புதராஜிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"தறிக்காரன் ஊட்டுல எவனுக்குதான் காது ஒயுங்கா கேக்குது? எனக்கே பாதிதான் கேக்குது. நான் செத்தா பூட்டேன்?" என்றார் அவர்.

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சார்லி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றால் அதையும் பிடுங்கிப் போடுவார். இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அது காதில் விழ வேண்டும் என்பது அவர் கட்சி.

அவனைக் காப்பாற்றியது கால்பந்துதான். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் வேணுகோபால் வீடு தேடி வந்து, பையன் நன்றாக ஓடுகிறான், டீமில் நின்றால் நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும் என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். கத்துவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அற்புதராஜ் யோசித்துவிட்டு ஒரே நிபந்தனை போட்டார். "டீம்ல கீற வரிக்கும் போ. டீம்ல இல்லன்னா அன்னிக்கே தறிக்கு வந்துரணும்." அன்றுமுதல் பள்ளி விட்டு இருட்டும்வரை அவன் மைதானத்தில் இருந்தான். பிறகு வந்து மீதி நேரம் தறியில் நின்றான். டீமை விட்டு வெளியே வந்தால் முழு நேரமும் தறிதான், அப்புறம் வலது காதும் காலி. பதினோராவது படிக்கும் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக்காட்டத் தேவையில்லை.

ஆனால் மைதானத்தில் தென்னரசு சார் இருந்தார்.

சாயங்காலங்களில் கோச்சிங் கொடுக்க வருகிறவர். வேணுகோபால் சாருக்கு வாய் மட்டும், தென்னரசு சாருக்கு வாயும் கையும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், அவர் கை யாரையாவது அணைத்து ஒருவரும் பார்த்ததில்லை. அதிலும் அவர் இடக்கைக்காரர். எதிரே நின்று அறைந்தார் என்றால் நேராக வலது காதில்தான் விழும். ஒரு தடவை டீம் பையன் சந்தோஷுக்கு விழுந்த அறையில் அவனுக்கு ராத்திரி முழுக்கக் காதில் வண்டு ரீங்காரம் போட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து சார்லிக்கு சாரின் முகம் கண்ணில் படுவதே இல்லை, அந்த இடது கைதான் தெரியும். அது இடுப்பில் இருந்தால் பந்தைப் பார்ப்பான், காற்றில் அசைந்தால் கையை மட்டும் பார்ப்பான்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்றால், காது கேட்காதவனை டீமில் எவர் வைத்துக்கொள்வார்? சொன்னால் தறி, சொல்லாவிட்டால் அறை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று தமிழ் ஐயா நடத்தியபோது வகுப்பில் அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவன் ஆடுவது லெஃப்ட் விங். கோடு ஓரமாக ஓட வேண்டும், கோச்சுகள் நிற்பதும் அதே கோட்டில்தான். அவர்கள் கத்துவதெல்லாம் செத்துப்போன காதில் விழுந்து மண்ணாகப் போகும். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். பின்னால் லெஃப்ட் பேக் ஆடும் சந்தோஷ் எந்தச் சத்தத்துக்கும் பதறித் திரும்புகிறவன். அவன் கண் போகிற திசையைப் பார்த்தாலே சார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். அவன் முன்னால் பாய்ந்தால் இவனும் பாய்வான், அவன் பின்வாங்கினால் இவனும் வாங்குவான். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. சில நாள் மட்டும் சந்தோஷைப் பார்க்கத் தவறிவிடுவான். அப்போது வேணுகோபால் சார், "செவிடன் காதுல சங்கு ஊதின கணக்கா கீதுடா உனக்குச் சொல்றது!" என்பார். மற்ற பையன்கள் சிரிப்பார்கள். சார்லியும் அவர்களோடு சிரித்துவைப்பான். தெரிந்துதான் சொல்கிறாரோ?

செய்யாறில் மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது சந்தோஷுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் இடத்துக்கு வந்த பையன் தரையைப் பார்த்தே ஓடுகிற ரகம். சார்லி திரும்பிப் பார்த்தான். படிக்க முகம் இல்லை. நடுக்கடலில் துடுப்பு போனவன் மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு.

கோட்டில் தென்னரசு சாரின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. கை காற்றை வெட்டியது. வா என்கிறாரா, போ என்கிறாரா? போ என்றுதான் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் ஓடினான். அவர் சொன்னது பின்னால் வா என்று. அவன் விட்டுவிட்டுப் போன இடத்தில் எதிரணிக்காரன் தனியாகப் பந்தை வாங்கி, ஆற அமர உள்ளே போய், கோல் போட்டான். பிறகு பெனால்டியில் தோற்றார்கள்.

வேப்பமரத்தடியில் எல்லோரையும் நிறுத்தினார்கள். வேணுகோபால் சார் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்துவிட்டார். தென்னரசு சார் நேராக சார்லியின் முன்னால் வந்தார்.

"ஊரே கத்துது, உனக்கு மட்டும் இன்னாடா? அவ்ளோ திமிரா? பின்னாடி வா வான்னு எத்தினி வாட்டி கத்தினேன்!"

இடது கை மேலே போனது. சார்லி யோசிக்கவெல்லாம் இல்லை. வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இடது கன்னத்தை முன்னால் நீட்டினான்.

"சார், இந்தப் பக்கம் அடிங்க சார்!"

பின்னாலிருந்து ஒருத்தன், "வேதத்துல சொன்னபடி மறு கன்னத்தைக் காட்டறான்டா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அந்தக் காதுதான் சார் கேக்குது. இது கேக்காது சார். எவ்ளோ வேணா அடிங்க சார் இதுல."

சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தென்னரசு சார் அதைக்கொண்டு தன் தலையைத் தடவிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஏறுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

பஸ்ஸில் சார்லி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தென்னரசு சார். அவனுக்கு இடதுபுறம். செய்யாறு தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார். முகத்தை நேரே வைத்துக்கொண்டு, மெதுவாக, வாழ்நாளில் முதல்தடவையாகக் கத்தாமல் பேசினார். ஒரு சொல்கூட அவனுக்கு விழவில்லை. பஸ் இரைச்சல்தான் கேட்டது. உதட்டைப் படிக்கலாம் என்றால் பக்கவாட்டில் மீசைதான் தெரிந்தது. இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார்? மன்னிப்பா, தண்டனையா? சார், அந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அந்தக் கை மறுபடி எழும்பாது என்று என்ன நிச்சயம்? அவன் தறிக்காரன் பிள்ளை. தலையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

ஆரணியில் இறங்கும்போது அவர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். இப்போது உதடு தெரிந்தது. "இன்னாடா, சரியா?"

"சரி சார்."

எதற்குச் சரி என்று தெரியாமல் அன்றிரவு முழுக்கப் புரண்டான். மறுநாள் சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றான். தென்னரசு சார் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர் அவனைக் கண்டதும் நின்றார்.

"நேத்து சரின்னு சொல்லிட்டு இன்னிக்கு எதுக்குடா வந்த?"

அவன் அவர் உதட்டையே பார்த்தான்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே. பந்து தலையில படும், முட்டி படும், என் கையே ஒரு நாள் சும்மா இருக்காது. கீற ஒரு காதாவது பத்திரமா இருக்கட்டும். இனிமே வராத, ஊட்ல அப்பா அம்மாகூட நிம்மதியா இருன்னு சொன்னேன். நீயும் தலைய ஆட்டினே. உங்கப்பாவுக்கு நானே போன் போட்டு சொல்லிடறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அறைக்குப் பயந்து இத்தனை நாள் ஒடுங்கியவன், இந்த நல்ல மனசுக்கு அதைவிடப் பயந்தான். அந்தப் போன் போனால் முடிந்தது. இடது கைக்காரரின் இடது கையையே எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"போன் பண்ணாதீங்க சார். ஊட்லதான் சார் காது போச்சு."

அவர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

"நாலு தறி சார். டீம்ல இல்லன்னா அங்கதான் சார் நிக்கணும். இதுவும் பூடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க சார்." சொல்லி முடிக்கும்முன் அழுதுவிட்டான்.

தென்னரசு சார் போனைப் பையில் வைத்தார். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்து நின்றார்.

"தறி எப்ப நிக்கும்?"

"ராத்திரி எட்டு மணிக்கு சார்."

"அப்ப எட்டு மணி வரிக்கும் பிராக்டீஸ்னு ஊட்ல சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. இப்ப ஓடு."

சார்லி ஓடினான். கோடு ஓரமாக ஓடும்போதும் அவன் கண் மேற்கே இறங்கும் சூரியன் மேலேயே இருந்தது. அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. ஆறரைக்கு மேல் அங்கே பந்து தெரியாது என்பது சேவூரில் எல்லோருக்கும் தெரியும், அற்புதராஜுக்கும் தெரியும்.