உப்பு மூட்டை மேல் சுழன்ற இசைத்தட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உப்பளம் போட்டேன், லாரி வாங்கினேன், முத்தையாபுரத்தில் கல்யாண மண்டபமும் கட்டினேன். அங்கே என் பேத்தியின் வரவேற்புக்கு, இசைத்தட்டில் ஹவுஸ் மியூசிக் என்கிற மேல்நாட்டு ஆட்டப் பாட்டைப் போட ஒரு பெண் வந்தாள். ஒட்ட வெட்டிய முடி; செருப்பைக் கழற்றிப் போட்டு, ஆடிக்கொண்டேதான் தட்டு மாற்றுவாள். சனமும் சேர்ந்து குதித்ததில் தரை அதிர்ந்து, தட்டின்மேல் ஓடும் ஊசி துள்ளிப் பாட்டு அறுந்தது.

"ஆடாம நில்லுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான் என் மகன்.

"ஆடாம கேக்கதுக்கா அண்ணாச்சி இந்தப் பாட்டு?" என்று அந்தப் பெண் என்னிடம் கலங்கினாள்.

"ஏளா, பொறு" என்று சொல்லி, லாரியிலிருந்து உப்பு மூட்டைகளை இறக்கி, அவற்றின்மேல் தட்டு சுழலும் அவள் பெட்டியை வைத்தேன். அதிர்வை உப்பு வாங்கிக்கொண்டது; பிறகு ஊசி துள்ளவில்லை. என் கையையும் இழுத்துக்கொண்டு ஆடினாள்!

இப்போது போகிற ஊரெல்லாம் உப்பு மூட்டை கேட்கிறாளாம். கேட்கட்டும், நல்லா ஆடட்டும். ஆனால் மூட்டையில் 'உபயம்' என்று என் பெயர் இருக்க வேண்டும்.