குடுவைச் செடிக்குக் கவாத்து

செடி பூச்சி தின்னும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணால் பார்த்ததால்தான் நம்பினேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குச் சித்தி கல்யாணமாகி வந்தபோது, துணிப்பெட்டியோடு ஒரு செடியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஒவ்வோர் இலையின் நுனியும் எலிவால் போல நீண்டு, முனையில் திறந்த மூடியோடு சின்னக் குடுவை தொங்கியது. ஒரு கரப்பான்பூச்சி குடுவையின் விளிம்பில் ஏறி, வழுக்கி உள்ளே விழுந்து, மேலே வர முடியாமல் துடித்து அடங்கியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பயப்படாத பாப்பா, அது மனுசங்கள ஒண்ணும் செய்யாது" என்று சித்தி சிரித்தார். நானோ அதன் பக்கம் விரலை நீட்டவே பல மாதமாயிற்று.

சித்தி பண்டாரவளையில் ஒரு பூச்செடிக் கடையில் வேலை பார்த்தவர். வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில் செடியை வைத்து, கீழே ஈரச் சாக்கு விரித்து, மழைத்தண்ணீரை மட்டும் பிடித்து ஊற்றுவார். உரம் என்ற பேச்சே கூடாது. தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடியைச் சித்தப்பா ஆசையாகக் கொண்டுவந்தபோது, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மலையில் சித்தப்பாவின் குரல் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். வீட்டில் அவர் குரலை நாங்கள் கேட்டதே குறைவு.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் சித்தி வாந்தி எடுத்தார். வீடு முழுக்க ஒரே சந்தோஷம். ஒருவர் வாந்தி எடுத்தால் மற்றவர்கள் ஏன் இப்படி மகிழ்கிறார்கள் என்று நான் திகைத்துப் போனேன். சித்திக்குப் பிள்ளை உண்டாகியிருந்ததைப் பெரியவர்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொண்டார்கள். அம்மா சித்தியைத் தண்ணீர்க் குடத்தைத் தொடவே விடவில்லை. சித்தப்பா பதுளைக்குப் போய்வரும்போதெல்லாம் மாங்காய் வாங்கி வந்தார், அதில் எனக்கும் பங்கு கிடைத்தது.

பிறகு ஒரு காலையில் சித்தியைப் போர்வையால் சுற்றி, தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுவலி என்றார் அம்மா. பிள்ளை தங்கவில்லை என்பதை எனக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சித்தி இல்லாதபோது செடி சித்தப்பாவின் பொறுப்பாயிற்று. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் காலம் அது. சாக்கு நனைத்த கையோடு காய்ந்தது. குடுவைகள் ஒவ்வொன்றாகக் கருகின. போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் எங்கள் லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. சித்தப்பா கவாத்துக்காரர். கிழடு தட்டிய தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் புதுத்தளிர் பொங்கிவரும் என்பது அவர் கை கண்ட வைத்தியம். சித்தி வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள், கவாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்து வந்து, அந்தச் செடியை ஒரு சாண் விட்டு வெட்டினார்.

குடுவைகளெல்லாம் தரையில் கிடந்தன.

"பாத்துக்கிட்டே இரு, குப்புன்னு தழைச்சிரும். ஒங்க சித்தி வந்து பாத்தா சந்தோசப்படுவா" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நேரே ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு கட்டை நின்றது.

"இதுவும் போச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தழைச்சிரும்னு நெனச்சேன்மா... எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்" என்று தொடங்கிய சித்தப்பா, முடிக்க முடியாமல் சுவரில் தலையைச் சாய்த்து அழுதார். பெரிய ஆம்பிளை அழுது அதுவரை நான் பார்த்ததில்லை, அதுவும் ஒரு செடிக்காக.

சித்தி கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. இதுவும் போச்சு என்றால், இன்னும் வேறு என்ன போயிற்று? சித்தப்பா வேறு எதையெல்லாம் வெட்டினாரோ என்று பயந்து வெளியே ஓடினேன். பெயின்ட் வாளியில் ரோசா இருந்தது. குரோட்டன் இருந்தது. பூசணிக்கொடி கூரை மேல் பத்திரமாக இருந்தது. கோழிகளைக்கூட ஒரு பார்வை பார்த்தேன்.

மூச்சிரைக்க உள்ளே வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேற ஒண்ணும் போகல சித்தி. நான் நல்லா பாத்துட்டேன், எல்லாமே இருக்கு."

சித்தி என்னை இழுத்து வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல செய்தி சொல்லியும் எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.