ஓடு மாற்ற அனுமதி இல்லை

நான் கல்யாணமாகி வந்த வீடு மலைக்கோட்டையின் முதல் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. என் மாமனார் இளவயதில் தன் கையாலேயே மண்சுவர் வைத்துக் கட்டிய இரண்டு அறை ஓட்டு வீடு. கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவார். வீட்டில் நானும் மாமனாரும் கைக்குழந்தையும்தான்.

எழுபதுகளின் கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். கோட்டையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வரப்போகிறார்கள், தெருவின் பழைய அழகு கெடக்கூடாது என்றார்கள். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஒரு மாதம் கழித்து எங்கள் சுவரோரம் மஞ்சள் பலகை நட்டார்கள். 'கோட்டைப் படைவீரர் குடியிருப்பு, சிதைந்த நிலையில்' என்று எழுதியிருந்தது. அந்நேரம் உள்ளே என் அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஒருநாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கேமராவோடு வந்தவர் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார். சுவரை மறைக்கிறேனாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஓடு உடைந்து ஒழுகியபோது மாற்ற அனுமதி கேட்டு மாமனார் மூன்று முறை மனு கொடுத்தார். பழமை மாறக்கூடாது என்று மூன்றையும் திருப்பிவிட்டார்கள். சுவரைப் பூசவும் விடவில்லை. ஐப்பசி மழையில் பின்சுவர் ஊறிச் சரிந்து, கட்டிலில் படுத்திருந்த மாமனாரின் கால்மேல் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது.

பார்வையிட வந்த அதிகாரி அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழுந்த மண்ணை அள்ளாதீர்கள், படம் எடுக்க வேண்டும் என்றார். அதுவரை நான் அதிகாரிகள் முன் வாய் திறந்ததில்லை.

"ஏனுங்க, இது எந்த ராசாவும் கட்டுன ஊடில்லீங்க. இங்க படுத்திருக்கறாரே, அவுரு கட்டுனது. கட்டுனவரு பூசறதுக்கு நீங்க எதுக்குங்க உத்தரவு குடுக்கோணும்?"

விதி அப்படி என்றார் அதிகாரி. மாமனார் என்னைத்தான் அடக்கினார். "உடு சாமி, அவுங்ககிட்ட என்ன பேச்சு."

நான் விடவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி மண் குழைத்துக் கொடுக்க, சுவரை எடுத்துக் கட்டினேன். கணவர் வந்து ஓடுகளை மாற்றினார். வழக்குப் போடுவோம் என்று நோட்டீஸ் வந்தது; வழக்கு வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் வேறோர் உத்தரவு வந்தது. சுற்றுலா பஸ்கள் நிற்க இடம் வேண்டுமாம். நெடுஞ்சாலைக்கு அப்பால் ஆளுக்கொரு துண்டு நிலம் காட்டிவிட்டு, எங்கள் வரிசை வீடுகள் மொத்தத்தையும் ஒரே காலையில் இடித்தார்கள். அன்று மாமனார் பேசினார். கட்டையை ஊன்றிப் புழுதிக்குள் நடந்துபோய், ஓர் ஓடு மாற்றினால் கெட்டுப்போகும் என்றீர்களே, இப்போது எது கெடவில்லை என்று அங்கே நின்ற அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். இடிக்கும் வண்டியின் டிரைவர், "ஓரமா நில்லுங்க பெரியவரே, வண்டி திரும்போணும்" என்றார்.