ஒன்றரை அடி

பூச்சோங்கில் என் வீட்டுச் சமையலறையைப் பெரிதாக்க வந்த கான்ட்ராக்டர் பின்னாலுள்ள பொதுச் சந்துப் பக்கம் கைகாட்டி, "அக்கா, இன்னும் மூணடி இழுத்துக்கலாம்லா. இந்த லைன்ல எல்லாரும் இழுத்துட்டாங்க" என்றார். வேண்டாம் என்றேன். அவர் மறுபடி சொன்னார், நானும் மறுபடி சொன்னேன். ஈர சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு நான் வளர்ந்த பண்டமாரான் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

பண்டமாரானில் எங்களுடையது பலகை வீடு. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான சந்தில்தான் உம்மா பல வருஷம் சமைத்தார். தையல் தைத்துச் சேர்த்த பணத்தில், அந்தச் சந்தையே வளைத்து, வேலியை ஒட்டி ஒரு செங்கல் சமையலறை எழுப்பினார். வெள்ளை டைல்ஸ், பெரிய ஜன்னல். சோறு கொதிக்கும் நேரத்தில் லுஹர் தொழுதுகொள்ள ஒரு மூலை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, துறைமுகத்தில் ஒரு சரக்கு ஆபிசில் டைப்பிஸ்ட். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த டைல்ஸைப் பார்த்தே சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். என் முகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த வருஷம் நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். எல்லைக்கல்லைத் தேடித் தேடிக் கடைசியில் எங்கள் சமையலறைக்குள் வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தோண்டி எடுத்தார்கள். வேலிதான் தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. ஒன்றரை அடி பக்கத்து வீட்டுக்காரருடையது.

பக்கத்து வீடு சரசு ஆன்டி. புருஷன் இறந்தபின் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை செய்து மகனை வளர்த்தவர். நோன்புக் கஞ்சியில் தொடங்கிப் பெருநாள் பிரியாணி வரை எங்கள் வீட்டில் எது கொதித்தாலும் ஒரு பாத்திரம் அவருக்குப் போகும். வாப்பா போய் விஷயத்தைச் சொன்னார்.

"பரவால்லண்ணே. ஒன்றரை அடிதானே, வெச்சுக்குங்க."

வாப்பா சந்தோஷமாகத் திரும்பினார். "அவங்களே ஹலால் பண்ணிட்டாங்க. முடிஞ்சிச்சு." எனக்கும் முடிந்தது. உம்மாவுக்கு முடியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஓத வந்த ஆலிம்சாவிடம், திரைக்குப் பின்னால் நின்றபடி உம்மாவே கேட்டார்.

"அந்த எடத்துல நான் தொழுதது கூடுமா?"

"தொழுகை கூடும்மா. அடுத்தவங்க எடத்த வெச்சுக்கிட்டு இருக்கறதுதான் கூடாது."

"குடுத்துட்டேன்னு சொல்றாங்களே."

"மனப்பொருத்தத்தோட குடுத்தாத்தான் ஆகும். முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுக் குடுத்தா, அது குடுத்ததா ஆகாது."

வாப்பாவுக்கு எரிச்சல். "மனச எப்படிங்க தொறந்து பாக்குறது?"

"அது நம்மால ஆகாது. வேணும்னா வெல குடுத்து வாங்கிக்குங்க. அதுக்கும் மனப்பொருத்தம் வேணும்."

வாப்பா பணத்தோடு போனார், உம்மாவும் கூடப் போனார். "காசெல்லாம் எதுக்கு, வெச்சுக்குங்கண்ணே" என்றாராம் ஆன்டி, அரிசியைக் களைந்துகொண்டே. வந்து உட்கார்ந்த உம்மா, "சரசு என் மூஞ்சியப் பாக்கல" என்றார். இன்னொரு முறை கேட்டாலும் அதே பதில்தான் வரும், கேட்கக் கேட்க அவரை நெருக்குகிறோம் என்றார். "இடிச்சிருங்க."

அன்று நான் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "அவங்களுக்கே வேணாமாம், உங்களுக்கென்ன?" என்று கத்தினேன், அழுதேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். ராத்திரி பசி தாங்காமல் எழுந்து சாப்பிட்டேன், அதுவும் அந்தச் சமையலறையில்தான். உம்மா என்னைச் சமாதானப்படுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் டைலைத் தானே பெயர்த்தார்.

சத்தம் கேட்டுச் சரசு ஆன்டி ஓடி வந்தார். "என்னக்கா இது, நான்தான் சொன்னேனே" என்று தடுத்தார். உம்மா நிறுத்தவில்லை. ஆன்டி தானும் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினார். சுவர் இடுப்பளவுக்கு இறங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"இந்தச் சுவரு வந்ததுல இருந்து, மழ பேஞ்சா தண்ணி ஓட வழியில்லாம என் ரூமுக்குள்ளதாங்க்கா வருது. மெத்தையச் சுருட்டி வெச்சுக்கிட்டு நானும் பையனும் உக்காந்திருப்போம். உங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எப்படிச் சொல்லுவேன்?"

உம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். சமையலறைக்காக அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்.

புதுச் சுவர் ஒன்றரை அடி உள்ளே வந்தது. பழைய சந்தைவிடவும் ஒடுக்கம். முழங்கை இடிக்க இடிக்க உம்மா அதில் சமைத்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உம்மா மௌத்தாகிவிட்டார். சரசு ஆன்டி மகனோடு காப்பார் என்ற ஊருக்குப் போனார், அப்புறம் தகவல் இல்லை. போன மாதம் பண்டமாரான் பக்கம் போனேன். எங்கள் வரிசையே இல்லை. கண்ணுக்கெட்டியவரை சிமெண்ட் தளம், அடுக்கடுக்காகக் கண்டெய்னர். எங்கள் மனை எங்கே முடிந்தது, ஆன்டி மனை எங்கே தொடங்கியது என்று காட்ட அங்கே ஒரு கல்கூட இல்லை. தூரத்துப் பள்ளிவாசல் கோபுரத்தை வைத்துக் குத்துமதிப்பாக எங்கள் சமையலறை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பிறகு எங்கள் பக்கமாக ஒன்றரை அடி தள்ளி நின்றுகொண்டேன்.